முதியோர்க்குக் கற்பிக்கும் இளையோர்

அறிவென்னும் ஆறு பெரும்பாலும் மூத்தோரிடமிருந்து இளையோரை நோக்கியே ஓடும். பாட்டன் தந்தைக்கும், தந்தை மைந்தனுக்கும் தத்தம் தொழிலையும் ஒழுக்கத்தையும் கற்பித்து வருதல் உலக வழக்கு. உழவன் மகன் ஏர் பிடிக்கக் கற்றதும், தச்சன் மகன் உளி பிடிக்கக் கற்றதும், தாயின் அருகிலிருந்து மகள் கோலமிடக் கற்றதும் இம்முறையிலேயாம். ஆயினும், புதிய கருவியொன்று உலகில் தோன்றி விரைந்து பரவும்பொழுது இவ்வொழுங்கு மாறுவதுண்டு. அக்கருவியோடு பிறந்து வளர்ந்த இளையோர் அதனை எளிதிற் கையாளுவர். வாழ்நாளில் பெரும்பகுதியை அஃதில்லாமலே கழித்த முதியோர் அதன்முன் திகைத்து நிற்பர். அப்பொழுது பேரன் ஆசிரியனாகிறான், பாட்டனார் மாணாக்கராகிறார். இந்நிலை எவர்க்கும் இழிவு தருவதன்று. இரு திறத்தாரும் தத்தம் கடமையை உணர்ந்து நடப்பின், இதனினும் இனிய காட்சி பிறிதில்லை.

இன்று எழுபது வயது நிரம்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் இளைஞராய் இருந்த காலத்தில் விரைவுச் செய்தி என்றால் தந்தியே. தந்திச் சேவகர் மிதிவண்டியில் வந்து மணியடித்தால் தெருவே கூடிவிடும். அத்தந்தி 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நம் நாட்டில் முடிவு பெற்றது. தொலைவில் உள்ள மகன் அனுப்பும் பணத்தை அஞ்சற்காரர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எண்ணிக் கொடுப்பார். வங்கியில் உள்ள இருப்பை அறியக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குச் செல்வர். அங்கெல்லாம் ஒரு மனிதர் இருந்தார், கேட்டதற்கு விடை கூறினார், தவறினால் திருத்தினார்.

இன்றோ அவ்விடங்களிற் பலவற்றில் ஒரு கண்ணாடித் திரை நிற்கின்றது. 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் பணப்பரிமாற்ற முறை நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளுக்குள் பூ விற்கும் பெண்ணின் கூடையிலும், இளநீர்க் கடையின் தூணிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த அட்டை தொங்கலாயிற்று. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதற்குச் சான்று காட்ட ஆண்டுதோறும் வங்கிக்கோ கருவூலத்திற்கோ சென்று வரிசையில் நிற்பது வழக்கமாய் இருந்தது. 2014-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் மைய அரசின் திட்டத்தால் விரல் ரேகை கொண்டும், 2021-ஆம் ஆண்டு முதல் கைப்பேசியின்முன் முகத்தைக் காட்டியும் அச்சான்றை அளிக்க வழி பிறந்துள்ளது. நடக்க இயலாத முதியவர்க்கு இஃது எத்துணைப் பெரிய உதவி! வசதி வாயிலிலேயே வந்து நிற்கின்றது. ஆனால், அவ்வாயிலைத் திறக்கும் திறவுகோல் முதியவர் கையில் இல்லை. அதுவே இன்றைய குறை.

அக்குறையால் விளையும் தீங்கினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சிற்றூர் ஒன்றில் கணவரை இழந்த மூதாட்டியார் ஒருவர் தனியே வாழ்வதாகக் கொள்வோம். திங்கள்தோறும் அவர்க்குரிய உதவித்தொகை வங்கிக் கணக்கில் வந்து சேர்கின்றது. சேர்ந்த செய்தி கைப்பேசியில் ஒலிக்கின்றது. எழுத்தோ சிறிது, மொழியோ ஆங்கிலம். அவர் அண்டை வீட்டாரிடம் கைப்பேசியை நீட்டிப் படித்துக் காட்டுமாறு வேண்டுகிறார். பணம் எடுக்க வேண்டிய நாளில் தம் அட்டையையும், அதற்குரிய மறை எண்ணாகிய 'பின்' எண்ணையும் மற்றொருவரிடம் கொடுத்தனுப்புகிறார். எண் மறந்துவிடும் என்று அட்டையின் உறைமேலேயே அதனை எழுதியும் வைத்திருக்கிறார். கொண்டு செல்பவர் நல்லவராயின் பணம் குறைவின்றி வரும், வஞ்சகராயின் வாராது. எவ்வாறாயினும், தம் பணம் எவ்வளவு என்பதனைத் தாமே அறியும் உரிமையை அவர் இழந்துவிட்டார் அன்றோ? இளமையில் வயலில் உழைத்து, சீட்டுக் கட்டி, மக்களைப் படிக்க வைத்து, ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுவதையும் மனத்திலேயே கணக்கிட்ட அம்மையார், முதுமையில் ஒரு சிறு கருவியின் பொருட்டுப் பிறர் முகம் நோக்கி நிற்க நேர்ந்தது. பணத்தினும் பெரிய இழப்பு இதுவே.

இவ்விழப்பைப் போக்க வல்லவர் இளையோர். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியைக் காட்டி, முதியோர்க்குக் கற்பித்தல் வீண் முயற்சி என்பார் உளர். நல்லொழுக்கத்தை இளமையிலேயே பழகுக என்று வற்புறுத்த எழுந்தது அப்பழமொழி. முதுமையில் எதனையும் கற்றல் ஆகாது என்று தடுக்க எழுந்ததன்று. இதனை நம் நாட்டின் அண்மை வரலாறே மெய்ப்பிக்கின்றது.

1988-ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பெற்றது. தமிழகத்தில் இவ்வியக்கம் 'அறிவொளி இயக்கம்' என்னும் அழகிய பெயரால் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டில் அது பெரும் எழுச்சியோடு நடைபெற்றது. ஊதியம் கருதாத தொண்டர்கள் பல்லாயிரவர் முன்வந்தனர். அவருள் இளைஞரும் இளம்பெண்களும் மிகப் பலர். பகலெல்லாம் கல் உடைத்தும் களை பறித்தும் களைத்துத் திரும்பிய ஆடவரும் பெண்டிரும் மாலையில் விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். கையொப்பத்திற்குப் பதிலாகக் கட்டைவிரலை மையில் தோய்த்து வந்தவர் தம் பெயரைத் தாமே எழுதினர்.

அவ்வியக்கத்தில் எழுத்தோடு ஒரு கருவியும் கற்பிக்கப்பெற்றது. அதுதான் மிதிவண்டி. அக்காலத்தில் மாவட்ட ஆட்சித் தலைவராய் இருந்த சீலா ராணி சுங்கத், பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்பதனை அறிவொளிப் பணியின் ஒரு பகுதியாக ஆக்கினார். பேருந்தை எதிர்பார்த்தும், தந்தையையோ கணவரையோ எதிர்பார்த்தும் காத்திருந்த பெண்கள், குடத்தையும் குழந்தையையும் மிதிவண்டியில் வைத்துத் தாமே ஓட்டிச் செல்லத் தொடங்கினர். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் மிதிவண்டி ஊர்வலம் வந்தனர். கண்டோர் வியந்தனர். கருவி ஒன்றைக் கற்றல் என்பது கைத்திறன் மட்டும் அன்று. பிறரை எதிர்பாராது வாழும் உரிமையும் ஆகும் என்பதனை அவ்வூர்வலம் நாட்டிற்கு உணர்த்தியது.

மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பவர் செய்வது யாது என்று சற்று எண்ணிப் பாருங்கள். தாமே ஏறி ஓட்டிக் காட்டிவிட்டு அவர் அகன்றுவிடுவதில்லை. கற்பவரை இருக்கையில் அமர்த்தி, பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். விழும்போல் தோன்றின் தாங்குகிறார். வண்டி நிலைபெற்றது என்று கண்டவுடன், ஓட்டுபவர் அறியாமலே கையை எடுத்துவிடுகிறார். பிடிக்க வேண்டிய காலத்தில் பிடிக்கவும், விட வேண்டிய காலத்தில் விடவும் அறிதலே கற்பித்தலின் உயிர்நிலை. கைப்பேசியைக் கற்பிக்கச் செல்லும் இளைஞரும் இதனை மறத்தலாகாது.

அறிவொளி இயக்கம் நடைபெற்று முப்பது ஆண்டுகள் கழிந்தபின், அதனை ஒத்த மற்றொரு பெரும்பணி கேரளத்தில் நிகழ்ந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்பது ஓர் ஊராட்சி. அங்கே 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், கைப்பேசியையும் இணையத்தையும் பயன்படுத்த அறியாதார்க்கு அவற்றைக் கற்பிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. தொண்டர்கள் வீடுதோறும் சென்று, அறியாதார் யாவர் எனக் கணக்கெடுத்தனர். வகுப்பிற்கு வருக என்று அழைத்துவிட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. மக்கள் கூடும் இடத்தையே வகுப்பாக்கினர். ஊரக வேலைத் திட்டத்தில் பெண்கள் மண் வெட்டும் இடத்திற்குச் சென்று, அவர்கள் இளைப்பாறும் நேரத்தில் கற்பித்தனர். படுக்கையில் இருந்தார்க்கு வீட்டிலேயே கற்பித்தனர். பேசுதல், செய்தி அனுப்புதல், படம் எடுத்தல், இணையத்தில் ஒன்றைத் தேடுதல், வங்கி இருப்பை அறிதல் முதலாகப் பதினைந்து வகைச் செயல்கள் பாடமாயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயின்று தேறினர். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவ்வூராட்சி முழுமையான எண்ணியல் அறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பெற்றது.

ஓர் ஊரில் ஏற்றிய விளக்கு மாநிலம் முழுமைக்கும் ஒளி தந்தது. இதே முறையைக் கேரள அரசு ஏனைய ஊர்களுக்கும் விரித்தது. ஏறத்தாழ 2,57,000 தொண்டர்கள் 83 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கண்டு கணக்கெடுத்தனர் என்றும், அறியாதார் எனக் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 21,88,000 பேர் என்றும், அவருள் மிகச் சிலர் ஒழிய ஏனையோர் அனைவரும் பயிற்சி பெற்றனர் என்றும் அவ்வரசின் கணக்குக் கூறுகின்றது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் கேரளம் முழு எண்ணியல் அறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பெற்றது. பயின்றோருள் தொண்ணூறு வயதைக் கடந்தவர்களும் இருந்தனர். நூறு வயதைக் கடந்த முதியவர் ஒருவரும் இருந்தார். கற்பித்தோருள் கல்லூரி மாணவர்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தினர், பெண்கள் குழுவினர், நூலகத் தொண்டர்கள் எனப் பல திறத்தாரும் இருந்தனர். வளைய வேண்டியது முதியோரின் அறிவு அன்று. கற்பிப்போரின் பொறுமையே என்பது இதனால் விளங்கும்.

இனிக் கற்பிக்கும் முறையைக் காண்போம். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இலக்கண நூலேயாயினும், அதன் பாயிரம் ஆசிரியரது இயல்பையும், அவர் பாடம் சொல்லும் முறையையும், மாணாக்கர் கேட்கும் முறையையும் விரித்துரைக்கின்றது. நல்லாசிரியர்க்கு நிலத்தையும், மலையையும், துலாக்கோலையும், மலரையும் அந்நூல் உவமையாகக் காட்டும். தோண்டுவாரையும் தாங்கும் நிலத்தின் பொறுமை கற்பிப்பார்க்கு வேண்டும். பாடம் சொல்லுங்கால் காலமும் இடமும் அறிதல், பதறாமை, சினவாமை, கேட்பவரது கொள்ளும் அளவினை உணர்தல் ஆகியவை வேண்டும் என்பதும் அந்நூலின் கருத்து. ஓலைச்சுவடிக் காலத்தில் வகுக்கப்பெற்ற இம்முறை கைப்பேசிக் காலத்திற்கும் முற்றும் பொருந்துவதனைக் காண்க.

முதலாவதாக, முதியவர்க்கு வேண்டுவது யாது என்பதனை அவரிடமே கேட்டறிதல் வேண்டும். கருவியில் உள்ளன எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் அவர் சலிப்படைவார். ஒருவர்க்கு வெளிநாட்டில் உள்ள பேத்தியின் முகத்தைக் காண வேண்டும். மற்றொருவர்க்கு உதவித்தொகை வந்ததா என்பதனை அறிய வேண்டும். வேறொருவர்க்கு மருத்துவமனைக்கு முன்பதிவு செய்ய வேண்டும். பசித்தவர்க்கே சோறு சுவைக்கும். வேண்டியவர்க்கே பாடம் மனத்திற் பதியும். பேத்தியின் முகத்தைக் காணும் வழியைக் கற்றவர், அடுத்து வேறொன்றைத் தாமே கேட்பார்.

இரண்டாவதாக, முதியோரின் உடலியல்பை உணர்தல் வேண்டும். வயது முதிரும்பொழுது அண்மையில் உள்ள எழுத்துக் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றாது. ஆகவே, பாடம் தொடங்குமுன் கைப்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குக, ஒலியைக் கூட்டுக, மொழியைத் தமிழாக்குக. இக்கருவியின் திரை, விரல் தொடுங்கால் உண்டாகும் நுண்ணிய மின் மாற்றத்தைக் கொண்டே தொட்ட இடத்தை அறிகின்றது. முதியோரின் விரல்தோல் உலர்ந்து காய்த்திருந்தால் அம்மாற்றம் குறையும், திரை இணங்காது. மண்ணிலும் கல்லிலும் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி சில வேளைகளில் அறிவதுமில்லை. அது கருவியின் குறையேயன்றி அவ்விரலின் குறையன்று. "பாட்டி, உங்கள்மீது தவறில்லை, விரலைச் சற்று ஈரத் துணியில் துடைத்துவிட்டுத் தொடுங்கள்" என்று சொன்னால் அவர் முகம் மலரும்.

மூன்றாவதாக, கருவி எப்பொழுதும் கற்பவர் கையிலேயே இருத்தல் வேண்டும். இளையோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான். "தம்பி, இஃது எப்படி?" என்று முதியவர் கேட்டவுடன், கைப்பேசியை வாங்கி, நொடிப்பொழுதில் நான்கைந்து இடங்களைத் தட்டி, "ஆயிற்று, தாத்தா" என்று திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். வேலை முடிந்தது, கல்வி நிகழவில்லை. நாளையும் அவர் அதே கேள்வியோடு வந்து நிற்பார். முதலில் ஒருமுறை மெல்லச் செய்து காட்டுக. பின்பு அவர் விரலாலேயே செய்விக்க. நீ வாயால் மட்டும் வழி கூறுக. மூன்றாம் முறை வாயையும் மூடிக்கொண்டு அருகில் இரு. அவர் தவறான இடத்தைத் தொட்டால் உடனே பாய்ந்து தடுக்க வேண்டா. திரும்பி வரும் வழியைக் காட்டினால் போதும். "தொட்டால் கெட்டுவிடுமோ?" என்னும் அச்சமே முதியோர்க்குப் பெருந்தடை. தவறியபின் திரும்பி வரக் கற்றவர்க்கு அவ்வச்சம் அகலும்.

நான்காவதாக, ஒரு நாளில் ஒன்றே கற்பித்தல் நன்று. கற்பித்ததனை எழுதி வைத்தலும் நன்று. பள்ளிப் பிள்ளைகளின் பழைய குறிப்பேடு ஒன்று இதற்குப் போதும். அதில் எழுதும் சொற்கள் முதியவரின் சொற்களாய் இருத்தல் வேண்டும். அவர் 'பச்சை வட்டம்' என்றால் பச்சை வட்டம் என்றே எழுதுக. 'வீடு போன்ற படம்' என்றால் அவ்வாறே எழுதி, அருகில் அப்படத்தை வரைந்து காட்டுக. நீ இல்லாத நாளில் அக்குறிப்பேடே அவர்க்கு ஆசிரியராகும். மறைக்க வேண்டிய எண்களை மட்டும் அதில் எழுதுதல் கூடாது.

ஐந்தாவதாக, சொல்லில் இனிமை வேண்டும். "இதுகூடத் தெரியாதா?" என்னும் ஒரு சொல், பல நாள் முயன்று திறந்த கதவை ஒரு நொடியில் மூடிவிடும். அதே கேள்வியைப் பத்தாம் முறை கேட்டாலும், முதன்முறை கேட்டாற்போலவே விடை கூறுக. நீ நடக்கக் கற்ற நாளில் எத்தனை முறை விழுந்தாய் என்பதனை அவர் எண்ணி வைத்திருப்பாரா?

எழுதும் முறையையும் முதியோர்க்குக் காட்டலாம். ஆங்கில எழுத்தறியாதார் பலர், கைப்பேசியில் எழுதுதல் தமக்கு இயலாது என்று எண்ணிவிடுகின்றனர். தமிழ்நாட்டரசு 1999-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' என்னும் விசைமுறை நம் மொழியின் இயல்பையே அடிப்படையாகக் கொண்டது. நம் எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழாயினும், உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தம் ஒன்றும் ஆகிய முப்பத்தொன்றே அவற்றுக்கு அடிப்படை. ஆதலின், 'க' என்பதனைத் தொட்டு 'இ' என்பதனைத் தொட்டால் 'கி' பிறக்கும். 'அம்மா' என எழுத வேண்டின் அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் போதும். இடையில் உள்ள மகர மெய்க்குப் புள்ளி தானே அமையும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்று திண்ணைப் பள்ளியிலோ தொடக்கப் பள்ளியிலோ கற்ற முதியவர்க்கு இஃது அறிந்த பாடமே. கைப்பேசியிலும் இவ்விசைமுறையை அமைத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கவே அறியாதார்க்கும் வழியுண்டு. அவர் தமிழில் பேசினால் அதனை எழுத்தாக்கிக் காட்டும் வசதி இன்றைய கைப்பேசிகளில் உள்ளது.

இவை யாவற்றினும் முதன்மையாகக் கற்பிக்க வேண்டுவது காப்பு முறை. வீட்டின் கதவைத் திறக்கக் கற்றவர் தாழிடவும் கற்க வேண்டும் அன்றோ? முதியோரின் நல்லெண்ணத்தையும் அச்சத்தையும் வஞ்சகர் தமக்குக் கருவியாக்கிக்கொள்கின்றனர். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, 'ஓ.டி.பி.' எனப்படும் ஒருமுறை எண்ணைக் கேட்பார் சிலர். உண்மையான வங்கியாளர் எவரும் அதனைக் கேட்பதில்லை. 'உங்களுக்குப் பரிசு வந்துள்ளது. பின் எண்ணை இடுங்கள்' என்பார் வேறு சிலர். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் இட வேண்டுவதில்லை. இவ்வொரு விதியை மனத்திற் கொண்டால் பல வஞ்சனைகளினின்றும் தப்பலாம். காவலர் உடையில் திரையில் தோன்றி, 'உங்களைக் கைது செய்துள்ளோம்; எவரிடமும் பேசாதீர்; பணம் அனுப்பின் விடுவோம்' என்று மிரட்டுவோரும் உளர். கைப்பேசி வழியே ஒருவரைக் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஒருகால் பணம் பறிபோயின், காலந் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். ஏமாந்தவர் பெரும்பாலும் நாணத்தால் வாய் திறப்பதில்லை. பழி ஏமாற்றியவனுக்கே உரியது என்று அவர்க்கு எடுத்துரைப்பதும் தொண்டரின் கடமை.

தொண்டர் தமக்கும் ஒரு வரம்பு வகுத்துக்கொள்ளல் வேண்டும். முதியவர் தம் பின் எண்ணை இடும்பொழுது முகத்தைத் திருப்பிக்கொள்க. "நீ நம்ம வீட்டுப் பிள்ளைதானே, நீயே போடு" என்று அவர் சொன்னாலும், "வேண்டா பாட்டி, என்னிடமும் சொல்லக் கூடாது, நீங்களே போடுங்கள்" என்று மறுத்துவிடுக. அன்போடு கூறும் அம்மறுப்பே சிறந்த பாடம். உன்னிடமே சொல்லக் கூடாது என்று அறிந்தவர், அயலான் எவனிடமும் சொல்லார்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கற்க விரும்பாத முதியவரை வற்புறுத்துதல் முறையன்று. கண்ணும் கையும் உதவாதவர்க்கு எக்கருவியும் சுமையே. அத்தகையார்க்கு வங்கியிலும் அலுவலகத்திலும் மனிதர் முகம் கொடுத்துப் பேசி உதவுதல் என்றும் இன்றியமையாதது. 'கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கூறி முதியவரைத் திருப்பியனுப்புவோர்க்கு நம் தொண்டு ஒரு சாக்காகிவிடலாகாது. கருவி மனிதர்க்குத் துணையாக வேண்டுமேயன்றி, மனிதரை விலக்கும் சுவராதல் தகாது.

இத்தொண்டினால் பயன் பெறுவோர் முதியோர் மட்டும் அல்லர். ஒன்றைப் பிறர்க்கு விளங்கக் கூறத் தொடங்கும்பொழுதுதான், அதனைத் தாம் எவ்வளவு அறிந்துள்ளோம் என்பது இளையோர்க்குத் தெரியவரும். பொறுமையும் இன்சொல்லும் தேர்வு எழுதிப் பெறும் பண்புகள் அல்ல. பழகிப் பெறும் பண்புகள். மேலும், முதியவர் அருகில் அரைமணி நேரம் அமர்ந்தால் அவர் வாயிலாக நாம் பெறும் செல்வம் பெரிது. ஊர் ஏரியின் மடை எப்பொழுது திறக்கப்படும், எந்நிலத்திற்கு எந்நெல் ஏற்றது, எவ்விலை எந்நோய்க்கு மருந்து, தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வழங்கும் பழஞ்சொற்களின் பொருள் யாது என்பன எல்லாம் அவர் நெஞ்சில் உள்ளன. அவற்றுட் பல எந்நூலிலும் ஏறாதவை. கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யும் முறையை அவர்க்குக் கற்பித்து, அவர் அறிந்ததனை அவரே பேசிப் பதியுமாறு செய்தால், கொடுத்தவனே பெற்றவனும் ஆவான்.

மாணவ மணிகளே! இத்தொண்டு செய்ய நீங்கள் தொலைவிடம் செல்ல வேண்டுவதில்லை. உங்கள் வீட்டிலேயே பாட்டனார் இருப்பர். தெருவில் தனித்து வாழும் அம்மையார் இருப்பர். பள்ளிக்கு வரும் வழியில் வங்கி வாயிலில் தாளொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் பெரியவர் இருப்பர். பெற்றோரின் இசைவோடு, வாரத்திற்கு ஒருநாள், அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவர்க்கு ஒன்று கற்பியுங்கள். அவர் பிறர் உதவியின்றித் தாமே அதனைச் செய்து முடித்து, நிமிர்ந்து உங்களைப் பார்க்கும்வரையில் அருகில் இருங்கள். அதன்பின் கையை எடுத்துவிடுங்கள். நம்மை நடக்கப் பழக்கியவர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

பயிற்சி

அ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.
1. புதிய கருவி தோன்றும்பொழுது கற்பிக்கும் ஒழுங்கு எவ்வாறு மாறுகின்றது?
2. ஓய்வூதியம் பெறுவோர்க்கு 2014-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் பிறந்த வசதிகள் யாவை?
3. 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளன்று புதுக்கோட்டையில் நிகழ்ந்தது யாது?
4. முதியோரின் விரலுக்குத் திரை இணங்காமைக்குக் காரணம் என்ன?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. மூதாட்டியார் இழந்தது பணத்தினும் பெரியது என்று ஆசிரியர் கூறுவது ஏன்?
2. புல்லம்பாறையில் தொண்டர்கள் கற்பித்த முறையை விளக்குக.
3. "வேலை முடிந்தது, கல்வி நிகழவில்லை" – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.
4. தமிழ்99 விசைமுறை தமிழ் எழுத்துகளின் இயல்போடு பொருந்துமாற்றை எடுத்துக்காட்டுடன் எழுதுக.

இ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
திறவுகோல், முகம் நோக்கி நிற்றல், இன்றியமையாதது, காலந் தாழ்த்தாது, சாக்கு.

ஈ. செய்து காண்க.
உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவர்க்குக் கைப்பேசியில் ஒரு செயலைக் கற்பித்து, அவர் கேட்ட ஐயங்களையும், நீங்கள் கூறிய விடைகளையும், அவரிடமிருந்து நீங்கள் கற்ற ஒன்றையும் இரண்டு பக்க அளவில் கட்டுரையாக எழுதுக.